வண்டுக்கு ஒரு சிபாரிசு

"இந்தப் பெட்டிய எல்லாம் எங்க வைக்கிறது?" என்று அண்ணி கேட்டாள். அண்ணன் உடலைக் கிடத்தக் கூடத்தில் இடம் வேண்டும். சுவரோரம் இருபத்தேழு கண்ணாடிப் பெட்டிகள், உள்ளே ஊசியில் குத்திய வண்டுகள். தங்கை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் உள்ளறைக் கட்டிலில் அடுக்கினாள். கையெல்லாம் அந்துருண்டை வாசனை.

அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணனுக்கு வண்டே கதி. மேல்காட்டில் முதல் மழைக்குப் பிறகு பத்தே நாள் தலைகாட்டும் ஒரு பச்சை வண்டு மட்டும் அவரிடம் இல்லை. அங்கே போய்ப் பிடிக்க வன இலாகா அனுமதி வேண்டும். அந்த இலாகாவின் பெரிய அதிகாரிக்குத் தங்கைதான் உதவியாளர்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்மா" என்று மூன்று வருஷம் முன்பு மனுவை நீட்டினார்.

சிபாரிசுக்கு வந்து குழைகிறவர்களைப் பார்த்துத் தினமும் சிரிக்கிறவள் அவள். தானே போய் வண்டுக்காகப் பல்லை இளிப்பதா? மனு அவள் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. அண்ணன் கேட்கும்போதெல்லாம், "சார் முயற்சி பண்றார்ண்ணே" என்று வாய் கூசாமல் சொன்னாள். அவரும் ஒவ்வொரு வருஷமும் மேகம் திரண்டதும் பையைக் கட்டுவார், பிறகு பிரிப்பார். நேற்று ராத்திரியும் கட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினொரு மணிக்கு அதிகாரியே வந்துவிட்டார்.

அண்ணி அவர்முன் கைகூப்பினாள். "மேல்காட்டு அனுமதிக்கு நீங்க எவ்வளவோ அலைஞ்சீங்கன்னு இவ சொல்லிக்கிட்டே இருப்பா சார். கடைசி வரைக்கும் உங்கள வாழ்த்திக்கிட்டேதான் இருந்தார்."

அதிகாரி தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். ஒரு கையெழுத்து வேலை அது. அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஆமாம்மா," என்றார் அவர் மெதுவாக. "கொஞ்சம் தாமதமாயிடுச்சு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். 

அவர் போனபின், "அந்த மூலைல இன்னொண்ணு இருக்கு பாரு" என்றாள் அண்ணி.

அந்தப் பெட்டியில் வண்டே இல்லை. நடுவில் ஒற்றை ஊசி, அதன் கீழே அண்ணனின் பொடி எழுத்தில் ஒரு சீட்டு. இடம்: மேல்காடு. தேதிக்கு நேரே வெற்றிடம். கடைசி வரியில், 'அனுமதி பெற்றுத் தந்தவர்: என் தங்கை.'

பெட்டியைச் சாய்க்காமல் தூக்க வேண்டும், இல்லையென்றால் வண்டின் கால் உடைந்துவிடும் என்பார் அண்ணன். அவள் இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடிவைத்து உள்ளே போனாள்.