தைலம்மாளின் கூரை, மேலிருந்து

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, பஸ்ஸில் கிடைத்தது. 2010-ல் கடலூரிலிருந்து சிதம்பரம் போய்க்கொண்டிருந்தேன். பழைய போர்வை சுற்றிய பெரிய படம் ஒன்றோடு ஏறிய பெண், "இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சிக்கிறீங்களா சார்? சாஞ்சா சட்டம் முறிஞ்சிடும்" என்றார். பிடித்துக்கொண்டேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் பாதிக் கதை சொல்லிவிட்டார். மீதியை நான் கேட்டு வாங்கினேன்.

அவரை இசைவாணி என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

பறவையாகப் பிறந்திருக்க வேண்டிய இசைவாணி, வானத்தின் உயரத்தில் மிதந்தபடி தன் மண்ணை—

வேண்டாம். இசைவாணிக்கு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதே தலை சுற்றும். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

2

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவர் டிராயிங் டீச்சர். சாயங்காலங்களில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் எடுத்த படங்களில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே உள்ள நிலத்தைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து கேன்வாஸில் வரைவார். வெள்ளாறு கடலில் கலக்கிற இடம், இறால் குட்டைகள், சவுக்குத் தோப்பு, உப்பங்கழி, எல்லாமே நேர் மேலிருந்து.

(இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் பார்த்துப் பழகிய இயற்கைக் காட்சிப் படத்தில் அடிவானம் என்று ஒரு கோடு இருக்கும். அதற்கு இந்தப் பக்கம் நாம் நின்றுகொள்ளலாம். மேலிருந்து வரைந்த படத்தில் அந்தக் கோடு கிடையாது. வானம் இல்லை, நிற்க இடமும் இல்லை. தென்னை நட்சத்திரமாகிவிடும். மனிதர் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு நிழல். அழகுதான். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது, பிடிக்காத ஒன்றை அழித்துவிடுவது ரொம்பச் சுலபம்.)

நாலு வருஷமாக வரைந்தும் ஒரு படம் விற்கவில்லை. அந்த வருஷம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தைப் பிடித்து, பன்னிரண்டு படங்களை மாட்டினார். புதிதாக லாட்ஜ் கட்டியிருந்த மணவாளன் வந்து, இருப்பதிலேயே பெரிய படத்துக்கு முன்னால் நின்றார். கிள்ளைக்குப் பக்கத்து ஊர் ஒன்று. அதைச் சுற்றி உப்பங்கழி பச்சையாக வளைந்து போகிறது.

"வரவேற்புல மாட்டிக்கிறேன் டீச்சர். வெள்ளிக்கிழமை தெறப்பு விழா. கொண்டாந்துடுங்க."

முதல் விற்பனை.

3

அதே சாயங்காலம் அந்த ஊர்க்காரர்கள் ஒரு ஷேர் ஆட்டோ நிறைய வந்து இறங்கினார்கள். ஊரில் தண்ணீர் டேங்க் ஆபரேட்டராக இருக்கும் கலியமூர்த்தி காலையில் தற்செயலாகப் படத்தைப் பார்த்துவிட்டுப் போய், "நம்ம ஊரு படத்துல இருக்குது" என்று சொல்லிவைத்திருந்தார். ஆளாளுக்குத் தங்கள் வீட்டை விரலால் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். கலியமூர்த்தியின் வைக்கோல்போர்கூட இருந்தது.

ஐம்பது வயதுக்காரி ஒருத்தி மட்டும் படத்தைவிட்டு நகரவில்லை. தைலம்மாள். இறால் குட்டையில் தீனி போடுகிற வேலை.

"எங்க ஊடு எங்க?"

"இது மேப் இல்லக்கா. படம்."

"சரி, படம்தான். கலியமூர்த்தி ஊடு இருக்குது. அதுக்கு அடுத்தது எங்க ஊடு. அங்க வெறும் பச்சைய அடிச்சி வெச்சிருக்க."

இசைவாணிக்குத் தெரியும். செயற்கைக்கோள் படத்தில் அந்த வீடு இருந்தது. உப்பங்கழி வளைகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். வளைவின் ஓட்டத்தை அது வெட்டியது. எடுத்துவிட்டார்.

"நான்தான்க்கா விட்டுட்டேன். பாக்க நல்லா இல்லன்னு."

(இந்த இடத்தில் தைலம்மாளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் அழவில்லை என்று இசைவாணி அடித்துச் சொன்னார். அழாத தைலம்மாள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு படத்துக்காக யாராவது இவ்வளவு மல்லுக்கு நிற்பார்களா? அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் சந்தேகம் போய்விட்டது.)

"ஆம்பளய உட்டுட்டு வந்து, எங்கம்மா குடுத்த எடத்துல நானே ஒண்டியா நின்னு கட்டுனது. அந்தாளு சனம் அது ஒரு ஊடான்னு கேக்குது. இப்ப நீயும் படிச்சிட்டு வந்து இல்லன்னு வரைஞ்சி வெச்சிருக்க."

எல்லாரும் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். தைலம்மாள் கடைசியாக ஏறினார்.

4

படத்தை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோன இசைவாணி மணவாளனுக்குப் போன் செய்தார். ஒரு வீட்டைச் சேர்க்க வேண்டும் என்றார்.

"நான் பாத்துப் புடிச்ச படம் டீச்சர் அது. ஒரு கோடுகூட மாத்தாம கொண்டாங்க. மாத்துனா எனக்கு வேணாம்."

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு இசைவாணி அந்த ஊருக்குப் போனார். செயற்கைக்கோள் காட்டியது பழைய சதுரம். இப்போது இருக்கிற வீட்டைப் பார்க்க வேண்டும், அதுவும் மேலிருந்து. அதற்கு அந்த ஊரில் ஒரே வழி, தண்ணீர் டேங்க். சாவி கலியமூர்த்தியிடம் இருந்தது.

"தல சுத்தும்ங்கறீங்க. எதுக்கு டீச்சர் இந்த வேல?"

"சுத்தட்டும். நீங்க ஏணியப் புடிச்சிக்கோங்க."

இரும்பு ஏணி. பாதியில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கலியமூர்த்தி கீழிருந்து இறங்கச் சொன்னார். இறங்கவில்லை. உச்சிக்குப் போனதும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர், கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்.

சிமெண்ட் ஷீட் கூரை. காற்றுக்குப் பறக்காமலிருக்க மேலே கருங்கற்கள். ஒரு ஷீட் மட்டும் புதுசு, வெளிறித் தெரிந்தது. கூரை ஓரத்தில் மஞ்சள் ரவிக்கை காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு தலையும் ஒரு நிழலும் மேலே பார்த்தபடி நின்றன.

உட்கார்ந்த இடத்திலேயே நோட்டில் வரைந்துகொண்டு இறங்கினார்.

5

தைலம்மாள் டேங்கடிக்கே வந்துவிட்டார்.

"பாத்தியா?"

"பாத்தேன்க்கா. போட்டுடறேன்."

"போடறது போடற, மெத்த ஊடா* போட்டுடு. படத்துலதான."

"அது முடியாதுக்கா. ஷீட்டு இருந்தா ஷீட்டுதான்."

"இருந்தத எடுக்கத் தெரிஞ்சிது. இல்லாதத வெக்கத் தெரியாதா?"



"எடுத்தது தப்புக்கா. அதத்தான் சரிபண்ண வந்தேன். இல்லாதத வெச்சா அதுவும் உங்க ஊடு இல்லன்னு ஆயிடும்."

"நான் மெத்த கட்டத்தான் போறேன்."

"கட்டுங்க. கட்டினதும் சொல்லி அனுப்புங்க. படத்த வாங்குன லாட்ஜுக்கே வந்து மாத்தி வரையறேன்."

"லாட்ஜ்காரன் உடுவானா?"

"உடுவாரு."

(ஒரு கோடுகூட மாற்றக்கூடாது என்று மணவாளன் சொன்ன பிறகு, அவரை மறுபடி கேட்காமலே சொன்னது இது.)

* எங்கள் பக்கத்தில் தளம் போட்ட வீட்டுக்கு மெத்தை வீடு என்று பேர்.

6

பல முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

மணவாளன் கோபத்தோடு படத்தைத் திருப்பி அனுப்ப, இசைவாணி அதைத் தைலம்மாளுக்கே—

இல்லை. நாலடிப் படத்தை அந்த வீட்டில் மாட்டச் சுவரில்லை.

மணவாளன் மனம் உருகி—

அவர் உருகுகிற ஆள் இல்லை. நான் நேரில் பார்த்தேன். ஏனென்றால் பஸ் ஸ்டாண்டிலிருந்து லாட்ஜ் வரைக்கும் படத்தின் மறுமுனையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். நடந்தது இது.

வரவேற்பில் போர்வையைப் பிரித்தோம். மணவாளன் தள்ளி நின்று பார்த்தார். உப்பங்கழியின் வளைவைக் கையால் காற்றில் வரைந்தார்.

"அப்படியே இருக்குது. நல்லவேள, கை வெக்கல நீங்க."

அவருக்குத் தெரியவில்லை. சாம்பல் கூரை, கற்கள், வெளிறிய ஷீட், மஞ்சள் ரவிக்கை, தலை, நிழல், எல்லாம் கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை. ஆணி அடிக்கிறவர் ஸ்டூலில் ஏறிவிட்டார். சும்மா இருந்தால் போதும், முதல் படம் விற்றாயிற்று. சும்மா இருந்துவிடுங்கள் டீச்சர் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

இசைவாணி படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இங்க ஒரு வீடு சேத்திருக்கேன் சார். தைலம்மாள்னு ஒருத்தரோடது. நான்தான் முன்ன விட்டுட்டேன். அவுங்க மெத்த கட்டினா நான் பெயிண்ட்டோட வருவேன். அப்பவும் நீங்க விடணும். சரின்னா மாட்டுங்க."

மணவாளன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்துக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பேசினார்.

அவர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. எழுத மாட்டேன். காசு கொடுத்து வாங்கிய படத்தில் இன்னொருத்தியின் வீடு வளர இடம் விடுவீர்களா என்று உங்களை யாராவது கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதையே இங்கே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மட்டும் நான் சாட்சி. அவர் பேசி முடிக்கும்வரை இசைவாணி அந்தக் கூரைமேலிருந்து விரலை எடுக்கவில்லை.