பன்னிரண்டாவது டோக்கன்

பனிக்கரடியைப் பத்திப் பெருமையடிக்கக் கூடாதுன்னு எங்க தீவுல நேத்துப் பொறந்த புள்ளைக்குக்கூடத் தெரியும். "நாளைக்கு அவனைப் போட்டுருவேன்"னு வாயைத் திறந்தா, அது எந்தப் பாறைக்குப் பின்னாடி படுத்திருந்தாலும் கேட்டுரும்பாங்க. எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண? என் வாய் என் பேச்சைக் கேட்டா நான் ஏன் இப்படி இருக்கேன்.

இந்த வருஷம் எங்க தீவுக்குப் பன்னிரண்டு கரடி டோக்கன். அக்டோபர் மாசம் வேட்டைச் சங்கத்து ஆபீஸ்ல, காபி டப்பாவுக்குள்ள பேரு எழுதின சீட்டைப் போட்டுக் குலுக்குவாங்க. பத்தொன்பது வருஷமா நானும் சீட்டுப் போடுறேன். பத்தொன்பது வருஷமா வேற எவனாவது பல்லை இளிச்சுக்கிட்டு எந்திரிப்பான். இந்தத் தடவையும் பதினொரு பேர் எந்திரிச்சாச்சு, நான் குல்லாவை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். அப்பதான் "பன்னிரண்டு, தூமசி"ன்னு கூப்பிட்டாங்க. யாருடா அந்த அதிர்ஷ்டக்காரன்னு நான் திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்துச்சு. அப்புறம் சட்டத்தைப் படிச்சாங்க. ஒரு டோக்கனுக்கு ஒரு கரடி. வரிசைப்படி ஆளுக்கு ரெண்டு நாள். ரெண்டு நாள்ல கிடைக்கலைன்னா டோக்கன் போச்சு. அதோட ஊருக்குள்ள நுழைஞ்ச கரடியை உயிருக்குப் பயந்து யாராவது சுட்டாலும் அது இந்தப் பன்னிரண்டுல ஒண்ணாச் சேரும், கடைசி டோக்கனைக் கிழிச்சுருவாங்க. கடைசி டோக்கன் யாருது? ஐயாவோடது.

எனக்கு அந்தக் கரடி எதுக்குன்னு சொல்லிடறேன். என் மாமியாருக்கு.

என் மாமியாருக்கு வயசு அஞ்சு. முன்பல்லு ரெண்டு கிடையாது. எந்நேரமும் மூக்கு ஒழுகும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போனாங்க. எட்டு மாசம் கழிச்சு என் மச்சான் மார்க்குசிக்குப் பொண்ணு பொறந்தது, மித்திக்னு அவங்க பேரையே வச்சாங்க, அவங்க திரும்பி வந்துட்டாங்க. எங்க ஊர்ல பேரு வந்தா ஆளு வந்த மாதிரி. மார்க்குசி பெத்த மகளை "அம்மா"ன்னுதான் கூப்பிடுவான், அதட்ட முடியாம முழிப்பான். என் பொண்டாட்டி அலாசி "அம்மா, மூக்கைச் சிந்துங்க"ன்னு துணியோட பின்னாலயே ஓடுவா. நான் "அத்தை"ம்பேன். அத்தை என்னை "மருமகனே"ன்னு கூப்பிட்டு ஷூ லேஸைக் கட்டச் சொல்லும். முன்னாடியும் அப்படித்தான் வேலை வாங்குவாங்க.

படுக்கையில விழுந்த கடைசி வாரம், அத்தை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. கரடிக்கறி, கொழுப்போட, வெந்ததா ஒரு துண்டு. எங்க வீட்டுல டோக்கன் கிடையாது. அந்த வருஷம் டோக்கன் கிடைச்சவனுங்க கறியெல்லாம் தீர்ந்து எலும்புதான் கிடந்துச்சு. நான் கூட்டுறவுக் கடையில மாட்டுக்கறி வாங்கி, சீல்ங்கிற கடல்நாயோட எண்ணெய் ஊத்தி மூணு மணி நேரம் வேகவச்சு, பக்கத்துத் தீவுலருந்து ஒருத்தர் கரடிக்கறி அனுப்பினார்னு சொல்லி ஊட்டினேன். மென்னாங்க. என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லாம முழுங்கிட்டாங்க. நாலாம் நாள் போயிட்டாங்க.

அலாசிக்கு இது தெரியாது. "எங்கம்மாவோட கடைசி ஆசையை நீதான்யா நிறைவேத்தினே"ன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை கண்ணைத் துடைச்சுக்குவா. அப்பல்லாம் எனக்கு எங்கயாவது போய் முட்டிக்கலாம்போல இருக்கும். அதனாலதான் பத்தொன்பது வருஷத்துல இந்தக் கடைசி ஆறு வருஷமும் வெறி பிடிச்சு சீட்டுப் போட்டேன். நிஜக் கரடிக்கறி ஒரு துண்டு அத்தை வாயில வச்சுட்டா, அந்தப் பொய்யை நானும் அதோட முழுங்கிரலாம். அவ்வளவுதான் என் திட்டம்.

ஆனா கடல் ஒத்துழைக்கணுமே. நவம்பர் முடியப்போகுது, உறையவே இல்லை. கஞ்சி மாதிரி தளும்பிக்கிட்டுக் கிடக்கு. கடல் உறைஞ்சாத்தான் கரடி பனிமேல போய் சீல் பிடிக்கும். ஆகஸ்ட்லருந்து ஒண்ணும் திங்காம கரையில படுத்துக்கிடக்கிறது, பசி தாங்காம எங்க குப்பைமேட்டுக்கு வந்துச்சுங்க. தலைக்கு மேல தலையா வந்துச்சுங்க. ஊர்ல ஆளாளுக்குத் துப்பாக்கியைத் தூக்கிட்டாங்க.

அன்னையிலருந்து எனக்குத் தூக்கம் போச்சு. நாலு சக்கர மோட்டார் வண்டியில வெடியைக் கட்டிக்கிட்டு, விடிஞ்சதுலருந்து இருட்டுற வரைக்கும் ஊரைச் சுத்தி வந்தேன். எங்கயாவது வெள்ளையா அசைஞ்சா ஓடிப்போய் வெடியைப் போட்டு விரட்டுவேன். ஒருநாள் பார்த்தா மார்க்குசி அவன் வீட்டு வாசல்ல நின்னு ஒரு கரடியைக் குறி பார்க்கிறான். நான் வண்டியைக் கொண்டுபோய் நடுவுல நிறுத்திட்டேன்.

"மச்சான், துப்பாக்கியை இறக்குடா!"

"விலகு மாமா! என் சீல் கறிப் பெட்டியை இழுத்துட்டுப் போகுது!"

"போகட்டும்டா, என் பெட்டியைத் தர்றேன்!"

"எதுக்கு அந்தக் கரடி மேல இவ்வளவு பாசம்? உனக்குச் சொந்தமா?"

"ஆமா, என் சித்தப்பா மகன். இறக்குடா!"

கரடி பெட்டியை வாயில கவ்விக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் திரும்பிப் பார்த்துட்டு நடந்தே போச்சு. ஓடக்கூட இல்லை, அவ்வளவு இளக்காரம். சொன்ன வாக்குக்கு என் பெட்டியை மார்க்குசிக்குக் கொடுத்தேன். அலாசி ரெண்டு நாள் என்னோட பேசலை.

இதையெல்லாம் தெற்கேருந்து வந்திருந்த கரீன்ங்கிற ஆராய்ச்சிக்காரம்மா பார்த்துக்கிட்டிருந்தாங்க. கரடிக்கு மயக்க ஊசி போட்டு, எடை பார்த்து, ரத்தம் எடுத்து, பொட்டையா இருந்தா எங்க போகுதுன்னு காட்டுற பட்டையைக் கழுத்துல மாட்டி விடுறது அவங்க வேலை. ஆணுக்குப் பட்டை மாட்ட முடியாதாம். தலையை விடக் கழுத்து பெருசு, கழண்டு விழுந்துருமாம். "எங்க மார்க்குசிக்கும் அப்படித்தான்மா"ன்னேன். சங்கத்துக் கூட்டத்துல அவங்களுக்கு அனுமதி கொடுக்கலாமான்னு கேட்டப்ப முதல்ல கை தூக்கினது நான்தான். அன்னைக்குக் கோழி வறுவல் போட்டாங்க.

அந்தம்மா என்னைப் போட்டோ எடுத்தாங்க. "தூமசி, உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்தக் கரடிங்க பிழைக்குது. கரையில இருக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு கிலோ எடை குறையுதுங்க. தாய்க்குப் பால் வத்திப்போகுது, குட்டி தங்கறதில்லை. எண்ணிக்கையும் குறைஞ்சுக்கிட்டே வருது"ன்னாங்க.

மார்க்குசி குறுக்கே விழுந்தான். "குறைஞ்சு போச்சா? வாம்மா, எங்க குப்பைமேட்டுல வந்து எண்ணு! எங்கப்பா ஆயுசுல பார்க்காத கரடியை நான் இந்த மாசத்துல பார்த்துட்டேன்."

"பனி இல்லாததாலதானே எல்லாம் இங்க வந்து நிக்குது?"

"நிக்கறது யார் வீட்டு வாசல்ல?"

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். அதுதான் எரிச்சல். நான் ரெண்டு பக்கமும் தலையை ஆட்டிட்டு, கரடிகளோட காவலன் மாதிரி அடக்கமா நின்னேன். டோக்கன் விஷயத்தை மட்டும் அந்தம்மாகிட்ட சொல்லலை. போட்டோ எடுக்கிற நேரத்துல அதை எதுக்குச் சொல்லணும்?

முன்னாடி இருந்த பதினொரு பேரும் முடிச்சுட்டாங்க. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு என் முறை ஆரம்பம். செவ்வாய்க்கிழமை வடக்கு முனைக்குப் போனப்ப அவனைப் பார்த்தேன். செத்த திமிங்கிலம் ஒண்ணு கரை ஒதுங்கியிருந்துச்சு. அதைத் தின்னு தின்னு, ஊரே பட்டினி கிடக்கிறப்ப கல்யாண வீட்டுச் சமையக்காரன் மாதிரி கொழுத்துப்போய்க் கரடி ஒருத்தன் படுத்திருந்தான். எந்திரிச்சு நடந்தா வயித்துக் கொழுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அத்தை கேட்ட அதே கொழுப்பு!

பேசாம வீட்டுக்கு வந்து படுத்திருக்கணும். புதன்கிழமை மத்தியானம் ஊர் ரேடியோவுக்குப் போன் போட்டேன். எங்க ஊர்ல கையுறை தொலைஞ்சாலும், புள்ளை பொறந்தாலும் ரேடியோவுலதான் சொல்லணும். நான் சொன்னேன்: "தூமசி பேசறேன். வடக்கு முனையில, திமிங்கிலத்துப் பக்கத்துல என் ஆளு படுத்திருக்கான். எவனும் அந்தப் பக்கம் போகக்கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் சட்டியைக் கழுவி வைங்க. அவ்வளவு கொழுப்பை உங்க ஜென்மத்துல பார்த்திருக்க மாட்டீங்க!"

ரேடியோக்காரன் அவசரமாத் தேவாலயப் பாட்டைப் போட்டுட்டான். அலாசி கரண்டியோட அடுப்படியிலருந்து வந்தா. "உன் வாயில என்ன சனியன்யா உக்காந்திருக்கு? அது கேட்காதா?"

"நாலு மைல் தள்ளிப் படுத்திருக்கான்டி. அவன் வீட்டுல ரேடியோ இருக்கா?"

வியாழக்கிழமை வெளிச்சம் வந்ததும் மார்க்குசியைக் கூட்டிக்கிட்டு வடக்கு முனைக்குப் போனேன். என் ஆளு அங்கதான் இருந்தான். குப்புறப் படுத்து, நாக்கைத் தொங்கப்போட்டுக் குறட்டை விட்டுக்கிட்டிருந்தான். பின்பக்கத்துல பச்சைச் சாயத்துல பெருசா நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருந்துச்சு. பக்கத்துல ஹெலிகாப்டர். பெட்டிமேல உக்காந்து கரீன் நோட்டுல எழுதிக்கிட்டிருந்தாங்க.

"தூமசி! உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. நீங்க ரேடியோவுல சொன்னதை நான் தங்கியிருக்கிற வீட்டம்மா சொன்னாங்க. யாரும் கிட்டப் போகக்கூடாதுன்னு இந்தக் கரடிக்காக ஊரையே தடுத்தீங்களாமே! ஐநூத்திப் பன்னிரண்டு கிலோ! இந்த வருஷம் இவ்வளவு ஆரோக்கியமா நான் ஒண்ணைக்கூடப் பார்க்கலை."

"ஊசி போட்டாச்சா?"ன்னேன்.

"போட்டாச்சு, இன்னும் ஒரு மணி நேரத்துல எந்திரிச்சுருவான். கறியில மருந்து இருக்கும், ஒன்றரை மாசத்துக்கு யாரும் சாப்பிடக்கூடாது. அதான் நம்பர் எழுதியிருக்கேன்."

நான் டோக்கனைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே பனியில உக்காந்துட்டேன். அந்தம்மா டோக்கனைப் பார்த்தாங்க, துப்பாக்கியைப் பார்த்தாங்க. "ஐயோ... நீங்க ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?" போட்டோ நல்லா வந்துச்சான்னு கேட்டேன்.

மார்க்குசி என்னைத் தனியா இழுத்துட்டுப் போனான். "சுட்டுரு மாமா. தோலாவது மிஞ்சும். கறிதான் பிரச்சினைன்னா, கடையில மாட்டுக்கறி வாங்கி வேகவச்சுக் கரடின்னு சொல்லி ஊட்டிருவோம். அம்மாவுக்கு அஞ்சு வயசு, என்ன தெரியப்போகுது?"

அவன் சாதாரணமாத்தான் சொன்னான். எனக்குத்தான் அன்னைக்கு அத்தை பார்த்த பார்வை ஞாபகம் வந்துச்சு. "வேண்டாம்டா. வேற தேடுவோம்"னேன்.

தேடினோம். அன்னைக்கு மத்தியானம் காத்து வடக்கே திரும்புச்சு. ஆறு வாரமா ஊரே காத்துக்கிடந்த குளிர் ஒரே மூச்சுல இறங்குச்சு. வெள்ளிக்கிழமை காலையில கடல் உறைஞ்சு, சீல் வேட்டைக்குக் கிளம்பின கரடிங்க தீவை விட்டே போயிருச்சுங்க. கரை முழுக்கக் காலடித் தடம், எல்லாம் கடலைப் பார்த்து. அந்த இளம் பனி கரடியைத் தாங்கும், என் வண்டியைத் தாங்காது. ஒரு மாசமா நான் கட்டிக் காப்பாத்தின அத்தனை கரடியும், ஒண்ணுகூடத் திரும்பிப் பார்க்காமப் போயிருச்சுங்க. நல்லா இருங்கடான்னு கரையில நின்னு கத்தினேன். கோவத்துலதான் ஆரம்பிச்சேன். கத்தி முடிக்கிறப்ப நிஜமாவே அப்படித்தான் தோணுச்சு, சனியனுங்க நாலு மாசப் பட்டினி.

திரும்பி வர்ற வழியில கூட்டுறவுக் கடை திறந்திருந்துச்சு. போய் மாட்டுக்கறி வாங்கினேன். ஏன் வாங்கினேன்னு கேட்காதீங்க. கால் தானாப் போச்சு.

சாயங்காலம் வீட்டுல அது வெந்துச்சு. அலாசி வெளியிலருந்து திரும்பி வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தா. "கிடைச்சுருச்சா? கடவுளே, கிடைச்சுருச்சா!"ன்னு கையைக் கூப்பிக்கிட்டு நின்னா. நான் அடுப்பைக் குறைச்சேன். மார்க்குசி அத்தையைத் தோள்ல தூக்கிட்டு வந்து மேசைக்கு முன்னாடி உக்கார வச்சான், என்னைப் பார்த்துக் கண்ணடிச்சான். அத்தை ரெண்டு கையையும் மேசைமேல வச்சுக்கிட்டு, முன்பல்லில்லாத வாயைத் திறந்து காத்துக்கிட்டிருந்துச்சு.

ஒரு துண்டை நறுக்கி ஊதி ஆற வச்சேன். வாய்க்கிட்ட கொண்டுபோனேன். "கரடி, அத்தை"ன்னு சொல்லணும், ஒரே வார்த்தை. வாழ்க்கையில முதல் தடவையா என் வாய் திறக்க மாட்டேன்னுருச்சு.

"அத்தை, இது மாடு"ன்னேன். "எனக்குக் கரடி கிடைக்கலை. அன்னைக்கு, நீங்க படுத்திருந்தப்ப நான் ஊட்டினதும் மாடுதான். பொய் சொன்னேன்."

அலாசி கையில இருந்த தட்டு கீழ விழலை. மெதுவா மேசைமேல வச்சா. மார்க்குசி வாயைப் பொத்திக்கிட்டான். நான் அலாசி பக்கம் திரும்பவே இல்லை, தைரியம் வரலை.

அத்தை மூக்கை உறிஞ்சுச்சு. என்னை ஒரு பார்வை பார்த்துச்சு.

"தெரியும். மாடுதான்னு முதல் கடியிலயே தெரியும்"னு சொல்லுச்சு. "நீ அழுதுக்கிட்டே ஊட்டினே மருமகனே. நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா இன்னும் அழுதிருப்பே. அதான் தின்னேன்."

அன்னைக்கு நான் அழுததை யாரும் பார்க்கலை. அறையில நானும் சாகக் கிடந்த அத்தையும் மட்டும்தான் இருந்தோம், நான் யாருகிட்டயும் சொன்னதும் இல்லை.

"ஊட்டு, ஆறிப்போகுது"ன்னு அத்தை வாயைத் திறந்துச்சு. நான் ஊட்டினேன். அலாசி எனக்கு எதிர்ல வந்து உக்காந்தா. எப்பவும்போலக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா, அப்புறம் உப்பை எடுத்து என் பக்கமாத் தள்ளினா.