எலும்புத் தேய்வு

பெண் வைத்தியர் பிரெஞ்சில் பத்து நிமிடம் பேசினார். பேசிக்கொண்டே ஒரு தாளில் படமும் வரைந்தார். அந்தப் பெண் முடித்ததும் றொஷினி தகப்பனின் பக்கம் திரும்பி, "எலும்புத் தேய்வாம் அப்பா. மருந்து தருவினமாம்," என்றாள்.

சவிரிமுத்து மகளைப் பார்த்தார். "இவ்வளவு நேரமும் இவ கதைச்சது இவ்வளவுதானோ?"

"அவையள் அப்பிடித்தான் அப்பா. ஒண்டையே திருப்பித் திருப்பிச் சொல்லுவினம்."

நம்பிவிட்டார். ஜான்-டலோன் சந்தையில் வருடக்கணக்காக உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிய மனிதர் அவர். போன்ஜூர், மெர்சி, மரக்கறிகளின் பெயர்கள், முதலாளியின் வசவுகள், இவ்வளவுதான் அவருடைய பிரெஞ்சு. முதுகு வலித்தபோது மூட்டையைக் குறை சொன்னார்கள். மனைவி அக்னெஸ் எண்ணெய் சூடாக்கிப் பூசிவிட்டாள். ஒருநாள் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியிருந்தது.

வைத்தியர் உண்மையில் சொன்னது வேறு. எலும்பு நாம் நினைப்பதுபோல் சும்மா கிடக்கிற கல் அல்ல. அதற்குள் இடிக்கிற உயிர்க்கலங்களும் உண்டு, கட்டுகிற கலங்களும் உண்டு. வாழ்நாள் முழுவதும் ஒன்று இடிக்க மற்றது கட்டும். எலும்பின் நடுவிலுள்ள மச்சையில் இரத்தப் புற்று குடியேறினால் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. புற்றுக் கலங்கள் ஒரு புரதத்தை அனுப்பி இடிப்பவர்களை ஏவிவிடுகின்றன. இன்னொரு புரதத்தை அனுப்பிக் கட்டுபவர்களைத் தூங்கவைக்கின்றன. அந்த இரண்டாவதை மூன்று நான்கு வருடத்துக்கு முன்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லும்போது வைத்தியரின் முகத்தில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது. இடிந்த எலும்பிலிருந்து கசிவதைத் தின்று புற்று மேலும் வளர்கிறதாம். கடைசியாக, இடிந்த எலும்பின் கல்சியம் இரத்தத்தில் போய்ச் சேரும், அதில் கவனமாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார். எந்தப் பொய்யைச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்த றொஷினிக்கு அந்தக் கடைசி வசனம் காதில் விழவில்லை.

பொய் அவளுடையது அல்ல, அண்ணன் றெக்ஸுடையது. பரிசோதனை முடிவு வந்த அன்றே புறநகரான புரோசார்டிலிருந்து தொலைபேசியில் கட்டளை போட்டுவிட்டான். "அப்பாட்டை அந்தச் சொல்லைச் சொல்லிப்போடாதை. மனம் விட்டிடுவார். அம்மாட்டையும் மூச்சுக் காட்டாதை. கோயில்லை போய் அழுவா, முழுச் சனத்துக்கும் தெரிஞ்சிடும்."

நம்மவர்களுக்கு நோயைவிட நோயின் பெயரில்தான் பயம். பெயரைச் சொல்லாவிட்டால் நோய் வந்த வழியே போய்விடும் என்று நினைப்பு. முடிவு எடுக்க மகன், வாய் திறந்து பொய் சொல்ல மகள். றெக்ஸ் ஒருநாள்கூட அந்த வைத்தியரின் அறைக்குள் கால் வைக்கவில்லை. ஆஸ்பத்திரி இருக்கிற கோட்-டெ-நெய்ஜில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லையாம்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தான், கையில் ஒரு பெரிய போத்தலோடு. கல்சியம் குளிசை. றொஷினி அவனைக் குசினிக்குள் இழுத்தாள்.

"இது என்னத்துக்கு அண்ணா?"

"எலும்புத் தேய்வெண்டு சொல்லிப்போட்டு எலும்புக்கெண்டு ஒண்டும் குடுக்காமல் விட்டால் அம்மா சந்தேகப்படுவா. கல்சியம்தானே, என்ன செய்யப்போகுது?"

அது நியாயமாகத்தான் பட்டது. பொய்க்கும் ஒரு மருந்து தேவைப்பட்டது, அதை அவன் வாங்கி வந்தான்.

அக்னெஸுக்கு அந்தப் போத்தல் வேதவாக்கு. காலையும் மாலையும் பாலோடு ஒரு குளிசை. பிறகு, ஒன்று போதுமோ என்று இரண்டு. நெத்தலித் தீயல், முருங்கையிலைச் சுண்டல், மறுபடி பால். "எலும்பு ஊறவேணும்" என்று சொல்லிச் சொல்லியே ஊட்டினாள். கோயிலில் அல்போன்சம்மா அவளைப் பார்த்து, "உன்னை மாதிரிப் பாக்க ஆரால ஏலும்?" என்று சொன்னபோது அக்னெஸ் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

மாசி மாதம் சவிரிமுத்துவுக்குத் தாகம் வந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். நாட்கணக்கில் மலம் போகவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பகலிலும் தூங்கினார். ஒருநாள் பின்னேரம் எழுந்து உடுப்பு அலுமாரியைத் திறந்து, கழிவறை எங்கே போனது என்று கேட்டார். மகளைச் செத்துப்போன தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அம்புலன்ஸ் வந்தது.

வைத்தியர் இரத்த முடிவைப் பார்த்துவிட்டு றொஷினியிடம் நேராகக் கேட்டார்: வீட்டில் வேறு ஏதாவது கொடுத்தீர்களா? றொஷினி தாயிடம் கேட்டாள்.

"ஓம், றெக்ஸ் வாங்கித் தந்ததுதான்," என்று அக்னெஸ் கைப்பையிலிருந்து போத்தலை எடுத்தாள். முகத்தில் பெருமை. "ஒரு நேரமும் தவறவிடேல்லை எண்டு சொல்லு பிள்ளை."

வைத்தியர் போத்தலை வாங்கி அதன் மேலிருந்த எழுத்தைப் படித்தார். நோயே எலும்பைக் கரைத்து அவருடைய இரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் இதையுமா, என்றார். நான் சொன்னதை நீ உன் தகப்பனுக்குச் சொன்னாயா, என்று கேட்டார். றொஷினி நிலத்தைப் பார்த்தாள். நாளைக்குத் தமிழ் தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து கூப்பிடுகிறேன், அவருடைய நோய் அவருக்குத் தெரியவேண்டும், என்று சொல்லிவிட்டு வைத்தியர் போனார்.

"என்னவாம்?" என்றாள் அக்னெஸ்.

"குளிசையைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டட்டாம்."

"ஏன்? எலும்பு தேயுதெண்டு அவதானே சொன்னவ?"

அக்னெஸ் போத்தலைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இவைக்கு எங்கட உடம்பைப் பற்றி என்ன தெரியும்," என்று முணுமுணுத்தாள்.

சேலைன் ஏற ஏற சவிரிமுத்துவுக்குத் தெளிவு வந்தது. மறுநாள் காலை மகளை மகளாகவே அடையாளம் கண்டார். அக்னெஸ் பால் சூடாக்கி வர வீட்டுக்குப் போயிருந்தாள். றெக்ஸ் தொலைபேசியில் கத்தினான். "நீ சொன்னால் அப்பா ஒரு கிழமை தாங்கமாட்டார். பழி உன்ரை தலையிலைதான்." அவள் தொலைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். யாரோ ஒரு வேற்று ஆள் வந்து சொல்லி அவர் கேட்கக்கூடாது. அவளுக்கு அது மட்டும் தெரிந்தது.

பையிலிருந்து வைத்தியர் வரைந்த பழைய தாளை எடுத்துக் கட்டிலில் விரித்தாள்.

"அப்பா, எலும்புக்குள்ள இடிக்கிற ஆக்கள் இருக்கினம். கட்டுற ஆக்களும் இருக்கினம். உங்களுக்கு இடிக்கிற ஆக்கள் நிப்பாட்டாமல் இடிக்கினம். கட்டுறவை நித்திரை."

அவர் படத்தைக் கவனமாகப் பார்த்தார். சந்தையில் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர்களை அறிந்தவர் கேட்கக்கூடிய கேள்வியைத்தான் கேட்டார்.

"ஆர் பிள்ளை அவங்களை ஏவிவிடுறது?"

"கான்சர் அப்பா."

சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. அடுத்த கட்டிலில் ஒருவர் இருமினார். சவிரிமுத்து தாளைத் தடவினார்.

"எப்பவிலை இருந்து?"

"துவக்கத்திலை இருந்தே. எங்களுக்குத் தெரியும்."

"ஓ," என்றார். கோபித்தால் நன்றாயிருக்கும் என்று அவளுக்கு இருந்தது. அவர் கோபிக்கவில்லை. இவ்வளவு நாளும் அவர் மன்னாரில் விற்காமல் கிடக்கிற காணியைப் பற்றியும் தம்பியாரைப் போய்ப் பார்ப்பதைப் பற்றியும் ஒவ்வொரு கிழமையும் பேசிக்கொண்டிருந்தார். "முதுகு சுகமானாப் பேந்து போவம்" என்பார். இப்பவே போங்கோ என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு என்கிற அந்தப் பேந்தை அவரிடமிருந்து களவெடுத்துவிட்டோம் என்று நினைத்தபோது றொஷினிக்கு அழுகை வந்தது. குளிசையைப் பற்றியும் சொன்னாள், அது என்ன செய்தது என்பதையும் ஒளிக்காமல்.

அவர் யன்னலைப் பார்த்தார். வெளியே அழுக்குப் பனி.

"கொம்மாவுக்குத் தெரியுமோ, குளிசையாலதான் வருத்தம் கூடினதெண்டு?"

"இல்லை."

"தெரியவேண்டாம்."

"அப்பா, இன்னொரு பொய்யோ?"

"தெரியவேண்டாம் எண்டுறன்."

அப்போது கதவு திறந்தது. பனிச் சப்பாத்தைக் கழற்றாமலே அக்னெஸ் உள்ளே வந்தாள், ஒரு கையில் பால் பிளாஸ்க். தாதி இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு வெள்ளைக் குளிசைகள்.

"இஞ்சாருங்கோ, கெதியா விழுங்குங்கோ. ஆரும் பாக்கமுந்தி."

றொஷினி வாயைத் திறந்தாள். சவிரிமுத்து அவளை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு மனைவிக்கு முன்னால் வலது கையை நீட்டினார். குளிசைகள் உள்ளங்கையில் விழுந்தன. கையை வாய்க்குக் கொண்டுபோனார், தலையை அண்ணாந்தார், பாலை மடக்கு மடக்காகக் குடித்தார்.

"அதுதான். இனி ஊறும்," என்று அக்னெஸ் அவருடைய வாயைத் துடைத்துவிட்டாள்.

போர்வைக்கு வெளியே அவருடைய வலது கை கிடந்தது. ஊசி குத்திய இடம் நீலமாகியிருந்தது. விரல்கள் இறுக மூடியிருந்தன, இடுக்கில் ஒரு வெள்ளை விளிம்பு தெரிந்தது. அந்தக் கையைப் பிடித்துத் தடவிக்கொடுக்க அக்னெஸ் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்தாள்.