தூபாவின் தம்பியை அளந்தபோது

குழந்தையிலிருந்தே மாதம் தவறாமல் அடுத்தவர் ரத்தம் ஏற்றிக்கொண்டு வளர்ந்தவள் தூபா. அந்த ரத்தத்தோடு வரும் இரும்பு ஈரலில் போய்த் தங்கிவிடும். எவ்வளவு தங்கியிருக்கிறது என்று, ஊசி குத்தாமல் காந்தத்தாலேயே அளக்கும் புதுக் கருவியை அடையாறு மருத்துவமனை ஒன்றில் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மந்தைவெளியிலிருந்து அவளைப் பைக்கில் கூட்டி வந்தது தம்பி ஃபைசான்.

அவளை அளந்தாகிவிட்டது. கணக்குப் பார்த்துச் சொல்லக் கொஞ்ச நேரமாகும் என்றார் டாக்டர் சுலோச்சனா. தூபாவுக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. துப்பட்டா நுனியை முறுக்கியபடி அங்குமிங்கும் நடந்தாள்.

"ஒப்பிட்டுப் பாக்க, நோய் இல்லாத ஆள் ஒருத்தர் வேணும். நீங்க படுக்கறீங்களா?" என்று டாக்டர் ஃபைசானைக் கேட்டார்.

"எனக்கு இன்னா டாக்டர், கல்லு மாதிரி கீறேன்." பெல்ட்டையும் சாவியையும் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தான்.

ஈரல் பக்கம் கருவி வந்ததும் திரையில் கோடு எகிறியது. டாக்டர் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினார். அப்போதும் எகிறியது. மெல்ல நெஞ்சுப் பக்கம் நகர்த்தினார். இன்னும் மேலே போனது.

"மிஷின் ரிப்பேரா?" என்றான் ஃபைசான்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கிண்டில வெல்டிங். ஸ்கூல் வுட்டதுலேர்ந்து."

தூபா நடப்பதை நிறுத்தினாள். காலையில் அவள் மாத்திரை விழுங்கும்போதெல்லாம் பின்கட்டில் அவன் இருமுவது கேட்கும். என்னவென்று யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் நோயாளி என்றால் அவள் ஒருத்திதான்.

"நுரையீரல்ல இரும்புத் தூசி இருக்கலாம். நெஞ்சை ஸ்கேன் எடுத்தாதான் நிச்சயமாச் சொல்ல முடியும்," என்றார் டாக்டர். பிறகு தூபாவிடம், அவள் ஈரலில் இரும்பு முன்னைவிடக் குறைந்திருக்கிறது என்றார். அதைக் கேட்கத்தான் ஒரு வாரமாகத் தவித்திருந்தாள். இப்போது அது காதில் சரியாக ஏறவில்லை.

"ஸ்கேன் எங்க எடுக்கணும்?" என்று டாக்டரைக் கேட்டாள்.

"அதெல்லாம் வாணாம் ஆப்பா. உன் வேல முடிஞ்சிச்சில்ல, வா," என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தான் ஃபைசான்.

"நான் எத்தினி தபா ஊசிக்குக் கைய நீட்டிக்கீறேன். நீ ஒரு தபா போய்ப் படு."

பெல்ட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான்.

தூசிதான் என்று ஸ்கேனில் உறுதியானது. இனி புகை உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் நாளடைவில் குறையும் என்றார்கள். வேலையை விட அவனுக்கு மனமில்லை. முகமூடி வாங்கிக் கொடுத்தாள். போட்டுக்கொள்வதாகச் சொன்னான். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு மதியம் பஸ் பிடித்துப் பட்டறைக்கே போய்விட்டாள்.

தீப்பொறிகளுக்கு நடுவே குனிந்திருந்தான். முகமூடி கழுத்தில் தொங்கியது. அவளைக் கண்டதும் வேலையை நிறுத்தினான்.

"மூச்சு முட்டுது ஆப்பா."

"முட்டட்டும்." அவளே மேலே இழுத்துவிட்டு, பின்னால் வாரை இறுக்கினாள்.

அவன் மறுபடி குனிந்தான். கிளம்ப அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்து வந்த பஸ்ஸை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள்.