உரித்த சுவர்

ரெமேய் செத்து ஒரு வருஷம். அவள் பேரில் பூசை வைக்கப் புருஷன் சதுர்னி, மலைக்கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலுக்கு வந்தால், வாசலை மறித்து டிக்கெட் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள் கெரால்ட். ரொட்டிக்கடைக்காரன் மகள், பார்சலோனாவில் படித்துவிட்டு வந்தவள்.

"தாத்தா, சீக்கிரம் முடிச்சுக்கங்க. ஷோ பாக்க ஒரு பஸ் ஆளுங்க நிக்கிறாங்க. அந்த மெழுகுவத்தியும் வேணாம். புகை பட்டா சுவரு கெட்டுப்போகும்."

"கெட்டுப்போக அங்க என்னடி மிச்சம் இருக்கு?"

ஒன்றும் இல்லைதான். எத்தனையோ நூறு வருஷம் மெழுகுப் புகையைத் தின்றுகொண்டு நன்றாகவே இருந்த சுவரோவியக் கிறிஸ்துவை, சதுர்னியின் தாத்தா காலத்தில் நகரத்து ஆட்கள் துணி ஒட்டி உரித்து, சுருட்டி, கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்திரமாக வைக்கிறோம் என்றார்களாம். இப்போது படம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே வெறும் சுண்ணாம்புச் சுவரில் அதை விளக்கால் அடித்துக் காட்டுகிறார்கள். ஆட்டைத் தோலுரித்துப் போனவன், அந்தத் தோலின் போட்டோவை ஆட்டுக்காரனிடமே காட்டுகிற மாதிரி.

மெழுகுவத்தியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனார் சதுர்னி.

பாதிரியார் எவுதால்ட் பல ஊர்களுக்கும் ஒரே ஆள். மலைப்பாதையில் பனி. இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தார். ஒருவழியாக, செத்தவர் பேரைச் சொல்லும் இடம் வந்தது. சதுர்னி காத்திருந்தது அதற்குத்தான். இந்தக் கல்தரையை ஆயுசு முழுக்க மண்டியிட்டுக் கழுவியவள். அவள் பேர் இந்தக் கோயிலுக்குள் ஒருதரம் கேட்க வேண்டும்.

"உமது அடியாள் ரெ..."

கோயில் விளக்குகள் அணைந்து இசை முழங்கியது. பீடத்துக்கு மேலே நீலமும் சிவப்புமாகக் கிறிஸ்து எரிந்தார். பாதிரியாரின் வெள்ளை அங்கியில் படத்திலிருந்த ஒரு மாட்டுத் தலை ஒளியாக வந்து விழுந்தது. பஸ் ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார்கள்.

"கெரால்ட், நிறுத்து அதை."

"நேரம் வச்சது தாத்தா, தானா ஓடும். சாமி, நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்களேன்."

பாதிரியார் நகரவும் செய்தார். அதைத்தான் சதுர்னியால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று தூணுக்குப் பின்னால் போய், தடித்த கறுப்பு வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

இசை நின்றது. கிறிஸ்து போனார். கும்மிருட்டு.

"தாத்தா, போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. வர்றவன் தொப்பியக் கழட்டிட்டு வரட்டும்."

மெழுகுவத்தியை எடுத்துப் பற்றவைத்து, பாதிரியாரின் புத்தகத்துக்கு மேல் பிடித்தார். மெழுகு எழுத்தின் மேல் சொட்டியது.

"இப்பச் சொல்லுங்க சாமி. முழுப் பேரையும் சொல்லுங்க."