பரீனாவின் வீடு எந்தக் கணினியில்?

1.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. ஓட்டமாவடியில் ஒரு கணினிக் கடையில், ஒரு பெண் கேட்ட கேள்வியைக் களவெடுத்து வந்தேன்: "விண்டோஸ அழிச்சுப்போட்டு லினக்ஸ் போட்டா எங்கட வீடு போயிருமா?" கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மிச்சமெல்லாம் என் புளுகு.

உண்மையில் நான் எழுத வேண்டியிருந்தது கட்டுரை. 'கணினி விளையாட்டுகளின் எதிர்காலம்' என்று ஒரு சஞ்சிகை கேட்டிருந்தது. 'இயங்குதளங்களுக்கிடையிலான எல்லைகள் மறைந்துவரும் இக்காலகட்டத்தில்' என்று தொடங்கி... வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

2.

அவளுக்குப் பரீனா என்று பெயர் வைத்தேன். கணவன் ஸாஜித் கட்டாரில் வேலை. கலியாணம் முடித்து நாற்பதாம் நாள் போனவன் [முப்பது என்று போட்டிருக்கலாமோ? அது கொடுமை, நாற்பதே இருக்கட்டும்] மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. இருவரும் இணையத்தில் ஒரு பண்ணை விளையாட்டு விளையாடுகிறார்கள். கிணறு, கத்தரித் தோட்டம், இரண்டறை வீடு, எல்லாம் பரீனாவின் கணினியில். அவர்கள் சேர்ந்து அதிக நாள் குடியிருந்தது அந்த வீட்டில்தான்.

இப்போது சிக்கல். விளையாட்டின் அடுத்த பதிப்பு பழைய விண்டோஸில் ஓடாதாம். புதிய விண்டோஸைப் பரீனாவின் கணினி தாங்காது.

3.

முதல் வரைவில் ஸாஜித் புதுக் கணினி வாங்கிப் பண்ணையை அங்கே மாற்றினான். பரீனா அதை ஊரிலிருந்து ஸ்ட்ரீம் செய்து, அதாவது அவன் கணினியில் ஓடுவதை இணையம் வழியே தன் திரையில் பார்த்து, விளையாடினாள். சுபம். வாசித்த என் மனைவி தக்ஷாயினி தாளைத் திருப்பித் தந்தாள்.

"ஆர்ட கொம்பியூட்டர்ல பண்ணை இரிக்கோ அவர்தான் வீட்டுக்காரர், மத்தவர் விருந்தாளி. அப்பிடித்தானே இந்த விளையாட்டு?"

"ஓம்."

"அப்ப அந்தப் பிள்ள மாப்பிள்ளட வீட்ட போய் இரிக்குமா? நீங்க ஆர்ட வீட்டில இருந்து எழுதுறீங்க?"

(அமிர்தகழியில், அவளுடைய சீதன வீட்டில். எங்கள் பக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ, மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பார். அங்கேயே சோறு தின்றுகொண்டு இதை மறந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

4.

திருத்திய வரைவு. தொலைபேசியில் ஸாஜித்:

"இஞ்ச மாத்துவம் பரீனா. நல்ல மிசின்."

"உங்கட வீட்டுக்கு நான் வரமாட்டன். நீங்கதான் வரணும்."

"அப்ப விளையாட்டுக் கம்பனிட சேர்வர்ல வெப்பம். ரெண்டு பேரும் ஸ்ட்ரீம் பண்ணலாம்."

"அது வாடக வீடு. அவன் பூட்டினா நாம றோட்டில."

நான் பத்துப் பக்கத்தில் சொல்ல நினைத்த எதிர்காலத்தை இவள் ஒரு மூச்சில் முடித்துவிட்டாள். சஞ்சிகைக்காரர் இவளிடமே கேட்டிருக்கலாம்.

ஆக, லினக்ஸ்: பழைய கணினியிலும் ஓடும் இலவச இயங்குதளம். அதில் இந்த விளையாட்டு திறக்குமோ என்று கடைக்காரருக்கே நிச்சயமில்லை. பரீனா பண்ணையைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, பிஸ்மி சொல்லி, விண்டோஸை அழித்தாள்.

5.

முடிவு அ: வீடு திறக்கிறது. கத்தரி காய்த்துக் கிடக்கிறது.

முடிவு ஆ: கறுப்புத் திரை. அவள் கையை எடுத்து... இல்லை, இதை எழுத எனக்கு மனமில்லை.

எதைப் போடலாம் என்று நான் யோசிப்பதற்குள் ஸாஜித் அழைத்துவிட்டான்.

"திறந்திச்சா?"

பரீனா திரையைப் பார்த்தாள்.

"சொல்லமாட்டன். லீவுக்கு எழுதிக் குடுங்க. குடுத்துட்டு கோல் எடுங்க, சொல்லுறன்."

"பகிடி விடாமச் சொல்லு பரீனா."

"மூணு வருஷமா நீங்க அந்த வீட்டில இரிக்கிறதால, வாங்க எண்டு கேக்க எனக்கு வாய் வரல்ல. இப்ப கேக்குறன். வாங்க."

எனக்கும் அவள் சொல்லவில்லை. திரையை மறுபக்கம் திருப்பிவிட்டாள். வீடு திறந்ததா இல்லையா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவன் லீவுக்கு எழுதிக் கொடுக்கும்வரை அவனிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.