ஆல்வினை எழுப்பிய குட்டைத் தக்காளி

ஆல்வின் ப்ரூபேக்கர் நல்ல தக்காளி தின்றால் தரையைவிட்டு எழும்புவான். ஓஹையோவில் எங்கள் எல்டர்கிரீக் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். கடைத் தக்காளிக்கு அவன் செருப்புகூட அசையாது. யாராவது தோட்டத்துப் பழம் கொண்டுவந்தால் இரண்டு விரற்கடை எழும்பி, காப்பி ஆறுவதற்குள் இறங்கிவிடுவான். பழம் எவ்வளவு நல்லதோ அவ்வளவு உயரம், அவ்வளவு நேரம்.

அவன் மனைவி வெர்டாவுக்கு இது வசதியாகப் போயிற்று. ஜூலைப் புயல்கள் ஆளுயரச் செடிகளை வருடாவருடம் முறித்துப்போட்டன. குட்டைச் செடிகள் காற்றுக்கு நின்றன, ஆனால் அவற்றின் பழம் சப்பென்று இருந்தது. ஆகவே ருசியான கறுப்புத் தக்காளியின் பூ விரியுமுன் அதன் ஆண்பாகத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, குட்டைச் செடியின் மகரந்தத்தைத் தடவினாள். அந்த விதையில் முளைத்ததெல்லாம் நெட்டை. பக்கத்து வீட்டு ஓர்வில் வேலிக்குமேல் எட்டிப் பார்த்தான்.

"குட்டைச் செடி போடறேன்னியே வெர்டா, ஏணி வேணுமா?"

"நல்லா சிரிச்சுக்கோ. குட்டை பேரப்பிள்ளையிலதான் வெளிய வரும்."

அடுத்த வருடம் நாலில் ஒன்று குட்டையாக நின்றது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள்; வெர்டா ஆண்டது பின்வாசலை ஒட்டிய இருபதடி மண். ஒரு விதையும் வீணாகக் கூடாதென்று, ஒவ்வொரு பழத்தையும் மென்று பார்த்துவிட்டுக் கோப்பையில் துப்பிவிடுவாள். விதை வழித்த மிச்சத்தை விழுங்குவது ஆல்வின் வேலை. அவன் குதிகாலுக்குக் கீழே அளவுகோலை நிறுத்தி உயரத்தை எழுதிக்கொள்வாள். அதிகம் எழுப்பிய செடியின் விதைதான் மறுவருடம் மண்ணுக்குப் போகும். ஒரு சாண், ஒரு முழம் என்று ஏறி, எட்டாம் வருடம் பின்வாசல் கூரையில் அவன் தலை இடித்தது.

ஒன்பதாம் வருடம் முழங்கால் உயரச் செடி ஒன்றில் ஒரே ஒரு பழம் பழுத்தது. வெர்டா அதை வெட்டி, ஒரு கீற்றை மென்று துப்பிவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அழுதாள். தேடிய ருசி கைக்கு வந்துவிட்டது. இதைத் தின்றால் ஆல்வின் திரும்பி வரமாட்டான் என்ற பயமும் கூடவே வந்தது.

"புளிக்குது. உனக்கு வேண்டாம்," என்றாள்.

"புளிச்ச பழத்துக்கு யாராவது அழுவாங்களா? குடு இப்படி."

துணி உலர்த்தும் கயிற்றை அவன் இடுப்பில் கட்டினாள். விதைகளை வழித்து, வேலியோரம் நின்ற ஓர்வில் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பாதிக்கு உப்புத் தூவி நீட்டினாள். ஆல்வின் தின்றான். கூரையைத் தாண்டினான், மேப்பிள் மர உச்சியைத் தாண்டினான். கயிறு முழுவதும் தீர்ந்து அவள் உள்ளங்கையை அறுத்தது. மேலிருந்து அவன் கத்தினான்.

"வெர்டா! நீ பண்ணின பழம், நீயே இன்னும் தின்னு பாக்கலியே!"

உண்மைதான். ஒன்பது வருடத்தில் அவள் ஒரு வாய்கூட விழுங்கியதில்லை. மறு பாதியை வாயில் போட்டு மென்றாள், பழக்கதோஷத்தில் கோப்பைப் பக்கம் குனிந்தாள். பிறகு விழுங்கினாள். அவள் செருப்பும் மண்ணைவிட்டுக் கிளம்பியது.

ஓர்வில் விதைகளை மூன்று நாள் தண்ணீரில் நுரைக்கவிட்டு, கழுவி, காகிதத் தட்டில் உலர்த்தினான். அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த காலை, இருவரும் சோளக்காட்டில் இறங்கி, ஜலதோஷத்தோடு கைகோத்து நடந்து வந்தார்கள். இப்போதெல்லாம் அந்த விதையின் பழம் பழுக்கும் ஆகஸ்டு பிறந்தால் ஊரில் பாதிப்பேர் மேலேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் கடிதங்களைத் தபால்காரர் உறைபனிவரை எடுத்து வைக்கிறார்.